பத்து ரூபாய் பாக்கெட்டில் எத்தனை கிராம்?

"விலை ஏறவே இல்லை, அதே பத்து ரூபாய்தான்" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனாலும் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 80 கிராம் இருந்த பிஸ்கட் 65 கிராமாக இளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பு கிராமுக்கு 12.5 பைசா, இப்போது ஏறத்தாழ 15.4 பைசா. சத்தமில்லாமல் 23 சதவீதம் ஏறியிருக்கிறது விலை. கொடுக்கிற காசுக்கு எவ்வளவு பொருள் கிடைக்கிறது என்று கணக்குப் பார்ப்பதில்தான் நுண்பொருளியல் தொடங்குகிறது.

எடையில் ஏன் கைவைக்கிறார்கள்?

விலை ஏறினால் வாங்குவது குறையும். இதுவே தேவை விதி. பத்து ரூபாய் பிஸ்கட் பன்னிரண்டு ரூபாயானால், நம் கை பக்கத்திலிருக்கும் வேறு பிஸ்கட்டுக்குப் போய்விடும். மாற்று எளிதாகக் கிடைக்கும் பண்டங்களில் இந்தத் தாவல் அதிகம். அதைத் தேவையின் நெகிழ்ச்சி என்கிறார்கள். அதனால்தான் மூலப்பொருள் செலவு கூடும்போது பல நிறுவனங்கள் விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கின்றன. விலை கண்ணில் படும், எடை படாது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை ஒழுங்காக இயங்காது. பழைய கார் சந்தையை உதாரணம் காட்டி இதை 1970-ல் விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப், 2001-ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உங்கள் உரிமை

பிஸ்கட், தேயிலை போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஓர் அட்டவணை இருந்தது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளில் 2021-ல் வந்த திருத்தம் அதை நீக்கியது. அதற்கு ஈடாக, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிடச் சொன்னது. சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரிதான் உங்களுக்கான தகவல். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள்: 500 கிராம் 140 ரூபாய், 200 கிராம் 54 ரூபாய் என்றால், சின்னதே லாபம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எடையைக் குறைத்து, குறைத்ததை உறையில் சரியாக அச்சிட்டால் அது குற்றமாகாது. அச்சிட்ட எடையைவிடக் குறைவாக அடைப்பது குற்றம். கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் வசூலிப்பதும் குற்றம். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை என்பதால், 'கூலிங் சார்ஜ்' என்று கூடுதலாகக் கேட்க முடியாது. ஓட்டலில் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும், சேவையும் சேர்வதால், இது பொருந்தாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஏமாந்தால் என்ன செய்வது?

• பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். உறையைப் படமெடுத்து வையுங்கள்.
• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
• தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைத் தொழிலாளர் துறை விசாரிக்கிறது.
• அதிலும் தீரவில்லையென்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை மளிகைக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். இரண்டு பாக்கெட்டுகளைக் கையில் கொடுத்து, கிராமுக்கு எது மலிவு என்று கேளுங்கள். கிராமைப் பார்த்து வாங்குபவர்கள் பெருகினால், எடைக் குறைப்பில் விலையேற்றத்தை ஒளிப்பது எந்த நிறுவனத்துக்கும் கடினமாகிவிடும்.