தீபாவளிக்கு ஏரி, தைப்பூசத்திற்குப் புல்வெளி

பினாங்கு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொடிமலை, தண்ணீர்மலைக் கோயில், நாசி கண்டார். பாகான் டாலாமில் வளர்ந்த எனக்கோ பினாங்குத் தீவு என்பது கடலுக்கு அப்பால் தினமும் தெரியும் நீல மலைத்தொடர். அப்பா முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் வேலை செய்தவர். அந்த மலைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பின்னால் இருப்பது பினாங்கு தேசியப் பூங்கா. தீவின் வடமேற்கு மூலையில், நிலமும் கடலுமாக ஏறத்தாழ 2,500 ஹெக்டர். முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்த இக்காடு, நான் பிறந்த 2003-ஆம் ஆண்டில்தான் தேசியப் பூங்காவானது. 2023 ஆகஸ்டு முதல் பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் புதிய பெரிகளில் 'தெலுக் டூயோங்', 'தெலுக் கம்பி' என இரண்டு உண்டு. இரண்டும் இந்தப் பூங்காவின் விரிகுடாக்கள். பெரியில் ஏறி இறங்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

பூங்காவில் நான் தேடிப் போனது பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டிய ஏரி. வெல்ட் கீ படகுத்துறையில் 101-ஆம் எண் பேருந்து ஏறி, கடைசி நிறுத்தமான தெலுக் பஹாங்கில் இறங்க வேண்டும். பூங்கா அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு நடந்தால், சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கடலோரமாகப் போவது தெலுக் டூயோங்குக்கு. இடப்பக்கம் மேடேறுவது கெராச்சுட்டுக்கு. அலுவலகத்திலிருந்து சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாதி தூரம் ஏற்றம், மீதி இறக்கம். பெரிய கடினமில்லை. ஆனால் சிலிப்பரோடு வருபவர்கள் திரும்பும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

முதன்முறை நான் தோழியரோடு போனது தைப்பூச விடுமுறையில். மேட்டைத் தாண்டி இறங்கி, தொங்குபாலத்தில் நின்று பார்த்தால் ஏரியே இல்லை! காய்ந்த சேறு, புல், நடுவே நூல்போல் ஓடும் ஓடை. "இந்தப் புல்லப் பாக்கவா காலையில அஞ்சு மணிக்கு எழுப்பின?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்தபின்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அது பருவகால ஏரி. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். அக்டோபரையொட்டிய மாதங்கள் அதிக மழை பெறுபவை. நமக்கு நினைவில் நிற்கும்படி சொன்னால், தீபாவளியை ஒட்டிப் போனால் ஏரி இருக்கும். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கும் நாள்களில் பெரும்பாலும் இருக்காது.

இந்த ஏரியை 'மெரோமிக்டிக்' ஏரி என்கிறார்கள். முழுமையாகக் கலக்காத ஏரி என்று பொருள். இச்சொல்லை 1935-இல் உருவாக்கியவர் இங்கோ ஃபிண்டெனெக் என்ற ஆஸ்திரிய அறிஞர். மலையிலிருந்து இறங்கும் ஓடைநீர் மேலே. கடலிலிருந்து புகும் உப்புநீர் கீழே. மேல்நீர் குளிர்ந்தும் கீழ்நீர் வெதுவெதுப்பாகவும் இருக்குமாம். படித்ததும் எனக்குக் குழப்பம். சூடான நீர் மேலே அல்லவா வரவேண்டும்? ஐந்தாம் படிவத்தில் அப்படித்தானே படித்தோம்?

விடை உப்பில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை ஏறக்குறைய 1,000 கிலோ; கடல்நீரின் எடை 1,025 கிலோ. நன்னீரை 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாக்கினால் குறையும் எடை இரண்டரைக் கிலோதான். அதாவது, உப்பு கூட்டும் எடை, பத்துப் பாகை வெப்பம் குறைக்கும் எடையைப்போல் பத்து மடங்கு. ஆகவே கடல்நீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் அடியில்தான் கிடக்கும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பு கரைத்த நீரில் ஒரு துளி நீல மை விடுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாகச் சாதாரணத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நீலம் அடியிலேயே நிற்கும். கரண்டியால் கலக்கினால்தான் கெடும். ஏரியில் அந்தக் கரண்டி வேலையைச் செய்வது காற்று. சுற்றிலும் மலையும் காடும் இருப்பதால் அங்கே காற்றின் கை ஓங்குவதில்லை.

இவ்வகை நீர்நிலைகளில் உலகிலேயே பெரியது கருங்கடல். அங்கே ஆழத்தில் உயிர்வளி இல்லை. பலாவ் நாட்டின் ஜெல்லிமீன் ஏரியும் இந்த இனமே. ஆனால் ஆண்டுக்கொருமுறை வற்றிப்போகும் ஓர் ஏரியைக் கருங்கடலோடு ஒரே பெயரில் அழைப்பது எனக்கு அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. கலக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தானே அந்தப் பெயர் முழுமையாகப் பொருந்தும்? கெராச்சுட் ஏரி ஒவ்வொரு மழைக்கும் புதிதாகத் தொடங்குகிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இரண்டாம் முறை நவம்பரில் தம்பியோடு போனேன். தொங்குபாலத்தின் கீழ் தேநீர் நிறத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. மேலே ஒரு கடற்கழுகு. தம்பி, "அக்கா, ரெண்டு தண்ணியும் எங்க பிரியுது?" என்று எட்டி எட்டிப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். ஏரியை நிரப்பும் மழையே பாதையையும் கெடுக்கிறது. அன்று பிற்பகல் ஒன்றரைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கடல் கொந்தளித்ததால் தெலுக் பஹாங்கிற்குத் திரும்பப் படகு இல்லை. நடந்தோம். காலையில் ஒரே எட்டில் தாண்டிய ஓடை தம்பியின் முழங்காலுக்கு மேல் ஓடியது. கடந்துவிடலாம் என்றுதான் முதலில் காலை வைத்தேன். கால் இழுபட்டது. பின்வாங்கி, மேட்டில் ஒரு மணி நேரம் நனைந்துகொண்டே நின்றோம். மழை விட்டதும் ஓடை வந்த வேகத்திலேயே வடிந்தது. சின்ன மலை, குறுகிய ஓடை; அதனால் ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். அதைத் தெரிந்து வைத்திருந்தால் காலை வைத்தே இருக்கமாட்டேன். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களின் புயல்மழை எங்கள் பட்டர்வொர்த்திலும் வெள்ளமாக வந்ததை நேரில் பார்த்தவள்தான் நான். அப்படியும் அன்று அதை மறந்துபோனேன்.

ஆகவே மழை மாதத்தில் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே நடக்கத் தொடங்கி, நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். பினாங்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள். கெராச்சுட்டில் கடலில் இறங்காதீர்கள். நீரோட்டமும் ஜெல்லிமீனும் உண்டு. கரையோர ஆமைக் காப்பகத்தை மட்டும் தவறாமல் பாருங்கள்.

நனைந்து வீடு வந்தபோது அப்பா திட்டவில்லை. கைப்பேசியில் ஏரியின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பினாங்கா?" என்றார். முழங்கால் வலியால் அவரால் மேடேற முடியாது. படகில்தான் அழைத்துப்போக வேண்டும். படகு ஓடும் அளவுக்குக் கடல் அமைதியாகவும், ஏரி வற்றாமலும் இருக்கும் நாள்கள் அதிகமில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் முயற்சி செய்வதாக இருக்கிறோம். "வெறும் புல்லா இருந்தாலும் பரவாயில்லம்மா" என்கிறார் அப்பா.