முதுகைத் திருத்தக் காசு உண்டு, சோதிக்கக் காசு இல்லை

நியூஜெர்சி மாநிலத்து எடிசனில் மகள் வீட்டோடு இருக்கும் 72 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பேரனைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தாயிற்று, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாயிற்று, விடவில்லை. அம்மா கையில் மெடிகேர் அட்டை இருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு அது. முதுகெலும்பைக் கையால் திருத்தி வலி போக்கும் கைரோபிராக்டர் ஒருவர் பக்கத்திலிருக்கிறார், அவரிடம் மகள் அழைத்துப் போகிறாள்.

அவர் வலி எங்கே, எப்போதிலிருந்து என்று விசாரிக்கிறார். படுக்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்க்கிறார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுகிறார். கடைசியில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்பில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று ஓர் அழுத்து. ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பில் வரும்போதுதான் வேடிக்கை. அந்த ஓர் அழுத்துக்கு மட்டும் மெடிகேர் பணம் தருகிறது. ஆண்டுக்கு இவ்வளவு என்று நாமே கட்டவேண்டிய முதல் தொகை கழிந்த பிறகு 80 சதவீதம் அரசு, 20 சதவீதம் நோயாளி. அதற்கு முன் கால் மணி நேரம் நடந்த பரிசோதனைக்குச் சல்லிக்காசு கிடையாது. அவர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தால் அதற்கும் கிடையாது. அதே எக்ஸ்ரேயை எம்.டி. படித்த டாக்டர் எழுதிக்கொடுத்தால் உண்டு.

இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று தேடிப்போனால், ஒரு மருத்துவமுறை அரசுத் திட்டத்துக்குள் நுழைந்த கதை கிடைக்கிறது. ஆய்வகத்தைவிட தபால் பெட்டிக்கும் நீதிமன்றத்துக்கும் அதில் பங்கு அதிகம்.

டாவன்போர்ட்டில் ஒரு செப்டம்பர்

1895 செப்டம்பர் 18. அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டி.டி. பாமர், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததாகவும், அவருக்குக் காது கேட்டதாகவும் சொல்வது கைரோபிராக்டிக்கின் பிறப்புக் கதை. காது நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதில்லை என்பதை உடற்கூறியல் படித்த எவரும் சொல்வார்கள். கைரோபிராக்டிக் என்ற பெயர் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கையால் செய்வது என்று பொருள்.

எலும்புகள் லேசாக இடம் பிசகுவதால் நரம்பின் ஓட்டம் தடைபட்டு நோய் வருகிறது என்றார் பாமர். அந்தப் பிசகலுக்குக் கைரோபிராக்டர்கள் வைத்த பெயர் ‘சப்லக்ஸேஷன்’. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சட்டப் புத்தகத்திலேயே வரப்போகிறது. உரிமமின்றி வைத்தியம் பார்த்ததாகப் பாமர் 1906இல் சிறைக்குப் போனார். கான்சாஸ் மாநிலம் 1913இல் முதல் உரிமச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா இறங்கிவர 1974 ஆயிற்று.

நம் ஊரிலும் இடுப்புப் பிடித்தால், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் மிதித்தவருக்குச் சம்பளம் கொடு என்று யாரும் கோட்டைக்கு மனுப் போட்டதில்லை. கைரோபிராக்டர்கள் போட்டார்கள்.

மூட்டை மூட்டையாய்க் கடிதங்கள்

மெடிகேர் 1965இல் வந்தபோது கைரோபிராக்டிக் அதில் இல்லை. சேர்க்கலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்டது. சுகாதாரத் துறை ஆராய்ந்து 1968இல் கொடுத்த அறிக்கை, கூடாது என்றது. அத்துடன் விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் கைரோபிராக்டர்களின் சங்கங்கள் விடவில்லை. 1963இல் உருவான அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமும், அதற்கு முன்பே இருந்த சர்வதேச கைரோபிராக்டர்கள் சங்கமும் தங்களுக்குள் ஆயிரம் சண்டை போட்டாலும், வாஷிங்டன் வாசலில் நிற்பதில் சளைக்கவில்லை. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளையே தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதவைத்தார்கள். முதியவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள், அவர்கள் எழுதும் கடிதத்தை எந்த அரசியல்வாதியும் குப்பையில் போடமாட்டார்.

1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் கைரோபிராக்டிக் இடம்பெற்றது. அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டம் வந்தது என்றாலும், காங்கிரஸ் கதவை முழுதாகத் திறக்கவில்லை. ‘சப்லக்ஸேஷனைச் சரிசெய்ய முதுகெலும்பைக் கையால் திருத்துவது’ என்ற ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கைரோபிராக்டர் மருத்துவராகக் கருதப்படுவார். மற்ற நேரத்தில் அவர் மருத்துவர் இல்லை. பிசகல் இருப்பதை எக்ஸ்ரே மூலம் நிரூபிக்கவேண்டும் என்றும் நிபந்தனை. அந்த எக்ஸ்ரேயை அவர் எடுத்தால் பணம் இல்லை! நிரூபணம் கேட்டுவிட்டு அதற்கான செலவை மறுக்கும் இந்த விதி 1999 முடியும்வரை நீடித்தது. எக்ஸ்ரே நிபந்தனை இப்போது இல்லை. மீதி எல்லாம் ஐம்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி வைத்திய ஒழிப்புக்கென்று ஒரு குழுவே வைத்து, தன் உறுப்பினர்கள் கைரோபிராக்டர்களோடு தொழில்முறையில் பழகுவதே நெறிகெட்ட செயல் என்றது. செஸ்டர் வில்க் உள்ளிட்ட ஐந்து கைரோபிராக்டர்கள் 1976இல் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸன்டேனர், சங்கம் செய்தது போட்டியை ஒழிக்கும் சதி என்று தீர்ப்பளித்தார். இந்தத் தீர்ப்பை ‘கைரோபிராக்டிக் அறிவியல்பூர்வமானது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று சிலர் இன்றும் விளம்பரத்தில் போடுகிறார்கள். வழக்கு வணிகப் போட்டிச் சட்டத்தின்கீழ் நடந்தது. சிகிச்சை பலிக்கிறதா என்பது அங்கே கேள்வியே அல்ல.

ராணுவ மருத்துவமனையில் வேறு வழி

மெடிகேர் கதவு பாதியில் நின்றபோது சங்கங்கள் இன்னொரு கதவைத் தட்டின. ராணுவம். பாரம் சுமந்து, பாராசூட்டில் குதித்து, டாங்கிக்குள் குலுங்கி முதுகு போன சிப்பாய்களுக்கு அங்கே பஞ்சமில்லை. 1995இல் ராணுவ மருத்துவமனைகளில் சோதனைத் திட்டம் தொடங்கியது. பிறகு பணியில் இருக்கும் வீரர்களுக்கு, குறிப்பிட்ட மருத்துவமனைகளில், நிரந்தரமாயிற்று. குடும்பத்தாருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்தத் திட்டத்தில் இடமில்லை.

முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் 2004 இறுதியில் கைரோபிராக்டர்கள் உட்கார்ந்தார்கள். 2018இல் வந்த சட்டம், துறையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் பாதி மருத்துவமனைகளிலாவது 2021 முடிவதற்குள் இந்தச் சேவை இருக்கவேண்டும் என்றது. ஓபியாய்டு என்னும் வலி மாத்திரைகளுக்கு அடிமையாகிச் செத்தவர்களின் எண்ணிக்கை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. மாத்திரை இல்லாமல் வலி குறையும் என்று யார் சொன்னாலும் காங்கிரஸ் காதுகொடுத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே கைரோபிராக்டர்கள் வேலை செய்யும் விதம். நலத்துறை மருத்துவமனையில் பணியமர்த்தப்பட்ட கைரோபிராக்டர் சம்பளக்காரர். எத்தனை முதுகைத் தட்டினாலும் மாதச் சம்பளம் அதேதான். பக்கத்து அறையில் எலும்பு மருத்துவர், எதிர் அறையில் பிசியோதெரபிஸ்ட், கணினியில் எல்லாருக்கும் பொதுவான ஒரே நோயாளிப் பதிவேடு. முதுகு வலி என்று வந்தவருக்கு உள்ளே புற்றுக்கட்டி இருந்தால் அது கண்ணில் படுவதற்கு வாய்ப்பு அதிகம்.

தணிக்கைக்காரர் கண்ட கணக்கு

மெடிகேரில் நிலைமை நேர்மாறு. அங்கே தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. முதுகெலும்பை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒன்றிரண்டு பகுதிகளைத் திருத்தினால் ஒரு கட்டணம், மூன்று நான்கு என்றால் கூடுதல், ஐந்தையும் திருத்தினால் இன்னும் கூடுதல். பரிசோதனைக்குப் பூஜ்யம். யோசித்துப் பார்க்கும் நேரத்துக்குக் காசில்லை, கையை வைத்தால் மட்டும்தான் காசு என்றால், என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வலி குறைந்து முன்னேற்றம் இருக்கும்வரைதான் மெடிகேர் பணம் தரும். இருக்கும் நிலையைக் காப்பாற்ற மாதாமாதம் போகும் பராமரிப்புச் சிகிச்சைக்குத் தராது. முன்னேற்றம் தரும் சிகிச்சைதான் இது என்று உறுதிசொல்ல, பில்லில் ‘ஏ.டி.’ என்ற இரண்டெழுத்தைச் சேர்க்கவேண்டும். எழுதுவதற்கு எத்தனை நேரம் ஆகும்? சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் 2013ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து 2016இல் அறிக்கை வெளியிட்டது. கைரோபிராக்டிக்குக்கு மெடிகேர் கொடுத்த பணத்தில் ஏறத்தாழ 82 சதவீதம், சுமார் 35 கோடியே 90 லட்சம் டாலர், விதிப்படி கொடுத்திருக்கக் கூடாதது என்று அது மதிப்பிட்டது. பெரும்பாலும் மருத்துவத் தேவை நிரூபிக்கப்படாதவை. எல்லாம் மோசடி என்று அர்த்தமில்லை. பதிவேடு சரியாக எழுதாததும் இதில் அடக்கம். ஆனாலும் ஒரு தொழிலுக்கு இது கௌரவமான எண் அல்ல.

இன்னொரு பாடமும் உண்டு. 2005 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகள், மெய்ன், நியூ மெக்சிகோ உள்ளிட்ட சில பகுதிகளில் மட்டும், பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் மெடிகேர் பணம் கொடுத்துப் பார்த்தது. அரசுக்குக் கூடுதல் செலவு வராது என்ற நிபந்தனையோடு தொடங்கிய சோதனை, 5 கோடி டாலர் இழுத்துவிட்டது. அதில் பெரும்பகுதி சிகாகோவைச் சுற்றிய இல்லினாய் பகுதியிலிருந்து மட்டும். அந்தப் பணத்தை மீட்க, நாடு முழுக்கக் கைரோபிராக்டர்களின் கட்டணத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 2 சதவீதம் பிடித்தார்கள். யாரோ சிலர் தின்ற விருந்துக்கு எல்லாருமாக மொய் வைத்த கதை.

சிகிச்சை பலிக்கிறதா?

இடுப்பு வலிக்கு, ஓரளவு பலிக்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலவேண்டியவற்றில் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சரோடு முதுகெலும்பைத் திருத்தும் சிகிச்சையையும் சேர்த்தது, ஆதாரம் வலுவானதல்ல என்ற குறிப்போடு. 2018இல் வெளிவந்த ஆய்வு, 750 ராணுவ வீரர்களை மூன்று மருத்துவமனைகளில் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆறு வாரம் கைரோபிராக்டிக்கும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. அந்த வீரர்கள் 18 முதல் 50 வயதுக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். எலும்பில் புரை விழுந்துபோன 72 வயது அம்மாவுக்கு அந்த முடிவை அப்படியே மாட்டிவிட முடியாது.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், குழந்தையின் வயிற்று வலி என்று இதைக்கொண்டு எல்லாம் தீரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றமே, சப்லக்ஸேஷன்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று 2010இல் அறிவித்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்தில் மட்டும் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த ‘டக்’ சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காருவது அல்ல. விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் இதுவும் ஒன்றே. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாவதால் வருகிறது. சத்தம் வந்தால்தான் சிகிச்சை என்பது கைப்பேசி வீடியோக்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கை.

இப்போது கேட்பது என்ன?

2019 முதல் காங்கிரஸில் ஒரு மசோதா திரும்பத் திரும்ப வருகிறது. மாநில உரிமம் எதையெல்லாம் அனுமதிக்கிறதோ அத்தனைக்கும் மெடிகேர் பணம் தரவேண்டும் என்பது அதன் சாரம். சங்கங்கள் ஆண்டுதோறும் உறுப்பினர்களையும் மாணவர்களையும் வாஷிங்டனுக்குத் திரட்டிவந்து செனட்டர் அலுவலகங்களில் பேசவைக்கின்றன.

பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது சரி என்றே நினைக்கிறேன். சோதிக்காமல் அழுத்துவதைவிட, சோதித்துவிட்டு ‘உங்களுக்கு இது வேண்டாம், எலும்பு டாக்டரைப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறவருக்குக் கூலி கிடைக்கவேண்டும். இன்று அப்படிச் சொல்கிறவருக்கு மெடிகேர் எதுவும் தருவதில்லை. ஆனால் தட்டுக்கூலி முறையை அப்படியே வைத்துக்கொண்டு பட்டியலை மட்டும் நீட்டினால் இல்லினாய் கதைதான் திரும்பும். இத்தனை வாரம், அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்து என்ற வரம்பும், படைவீரர் மருத்துவமனைபோல ஒரே பதிவேடும் சேர்ந்து வரவேண்டும். சங்கங்கள் 82 சதவீதம் என்ற எண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டால் கேட்பதற்கு வலு இருக்கும்.

அம்மாவை அழைத்துப் போகும்முன்

அமெரிக்காவில் பெற்றோரை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எலும்புப் புரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, முன்பு புற்றுநோய் வந்திருந்தாலோ முதலில் குடும்ப டாக்டரைக் கேளுங்கள். முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால், இரண்டு காலும் வலுவிழந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால் கைரோபிராக்டரிடம் போகாதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பும் சிகிச்சைக்குப் பின் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. வயதானவர்களுக்குக் கழுத்தில் வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

எந்தெந்தச் செலவு மெடிகேரில் வரும், எது கையிலிருந்து போகும் என்பதை மேசையில் படுக்கும்முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து வாரத்தில் வலி குறையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். முதல் நாளே நாற்பது தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், அம்மாவின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.