என்ஜின் விளக்கு எரிகிறதா? எண் சொல்வது என்ன?

"விளக்குதான் எரிகிறது, கார் ஓடத்தானே செய்கிறது, அப்புறம் என்ன?" வாகனம் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி இது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பெரோடுவா அருஸ், டொயோட்டா ரஷ் போன்ற சிறிய எஸ்யுவி ஒன்றில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினால் 'பி0016' என்று காட்டுகிறது. இதன் பொருள் என்ன?

என்ஜினுக்குள் இரண்டு முக்கிய வகைத் தண்டுகள் சுழல்கின்றன. பிஸ்டன்களோடு இணைந்தது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் போல, இரண்டும் தாளம் தப்பக்கூடாது. இவற்றைப் பிணைப்பது டைமிங் சங்கிலி. தண்டுகளின் நிலையைக் கவனிப்பவை சென்சார்கள். அவை தரும் தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது கணினி பதிவு செய்யும் எண்தான் பி0016.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். தாளம் தப்பியிருக்கிறது என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. சென்சார் பழுதாகியிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், சங்கிலி நீண்டு தளர்ந்திருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கலாம். என்ஜின் ஆயிலும் காரணமாகலாம். வால்வு நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. ஆயில் குறைந்தாலோ கசடாகிப் போனாலோ அந்த அமைப்பு சிக்கிக்கொள்ளும்.

எனவே, சோதனை எளியதிலிருந்து தொடங்கட்டும். முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பாருங்கள். அடுத்து ஒயர்கள், சென்சார்கள், ஆயில் கட்டுப்பாட்டு வால்வு. கடைசியாகத்தான் மூடியைக் கழற்றிச் சங்கிலியைப் பார்க்க வேண்டும். "எதை வைத்து இந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சங்கிலி உரசுவதுபோல் 'கடகட' சத்தம் கேட்டால் தாமதிக்காதீர்கள். சங்கிலி பல் தாண்டினால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். அப்புறம் சங்கிலிச் செலவோடு முடியாது, என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். விளக்கு விட்டு விட்டு மின்னினாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனரால் எண்ணை அழித்துவிட்டால் விளக்கு அணையும், நோய் தீராது. குறித்த காலத்தில் ஆயில் மாற்றுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் இருக்கும் வண்டிக்கு அந்த ரசீதே துணை.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.