பச்சை இருக்கிறது, மாட்டுக்குத் தீனி இல்லை!

மழை பெய்தால் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மலைக்காடுகள் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். பார்ப்பவர்கள், "இங்கே மாட்டுக்கு என்ன குறை?" என்பார்கள். ஆனால், காலையில் காட்டுக்குப் போன மாடு, மாலையில் ஒட்டிய வயிறோடு திரும்புவதும் உண்டு.

காரணம் என்ன? பல இடங்களில் அந்தப் பச்சை, புல் அல்ல. உண்ணிச்செடி!

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பூவின் அழகுக்காக, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று, விதையைக் காடெல்லாம் பரப்பிவிட்டன. புதர் அடர்ந்தால் தரையில் வெயில் படாது. புல் செத்துவிடும். பசி தாங்காமல் அந்த இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெடும். மஞ்சள் காமாலையும் வரும்.

100 அடி நடந்தால் போதும்

மேய்ச்சல் நிலம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, மண், நீர், செடி மூன்றையும் பார்க்கவேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். 100 அடி நடக்கவேண்டும். ஒவ்வொரு அடியிலும் பெருவிரல் நுனி எதில் படுகிறது? புல்லா, புதரா, சருகா, கல்லா, வெறும் மண்ணா? குறித்துக்கொள்ளவேண்டும். வெறும் மண் ஆண்டுக்கு ஆண்டு கூடினால் நிலம் கெட்டு வருகிறது.

பிறகு குனிந்து பார்க்கவேண்டும். புல்லின் தூர், சிறு திண்ணைமேல் ஏறி நிற்பதுபோல் இருக்கிறதா? புல் ஏறவில்லை. சுற்றி இருந்த மண்தான் மழையில் கரைந்து போய்விட்டது!

புல்லிலும் தரம் உண்டு. ஆண்டுதோறும் தூரில் இருந்து தழைக்கும் புல்தான் கோடையில் கைகொடுக்கும். மாடு முதலில் கடிப்பதும் அதைத்தான். ஓயாமல் கடிபட்டால் அதன் வேர் செத்துவிடும். அந்த இடத்தில், மழைக்கு முளைத்து மழையோடு காயும் புல் வரும். அதுவும் போனால் புதர்தான்.

காங்கேயம் பக்கத்துக் குடியானவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கொரங்காட்டைக் கிளுவை வேலியால் பிரித்து, ஒரு பக்கம் மேயவிட்டு மறுபக்கத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மலைக்காட்டில் அது நடக்குமா?

ஆலம்பாடி மாடு

இந்தக் காடுகளில் பட்டி போட்டு வளர்த்த மாடு, ஆலம்பாடி இனம். உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. டிராக்டர் வந்தபின் மவுசு குறைந்தது. 2014-ல் இங்கே சுமார் 504 சதுர கிலோமீட்டர் காடு, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. 2022 மார்ச் மாதம், சரணாலயங்களில் மாடு மேய்க்க சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது. மேய்ப்பவர்களுக்கு இது பேரிடி.

காடு யானைக்கும் வேண்டுமே! யானைக்கும் புல் முக்கிய உணவு. காட்டில் அது குறைந்தால், எட்டும் தூரத்தில் ராகிக் கொல்லை இருக்கிறது.

ஆனால், மாட்டை நிறுத்தினால் மட்டும் உண்ணிச்செடி போய்விடாது. வெட்டினாலும் அடிக்கட்டையில் துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவவேண்டும். பிறகு மழைக்காலம் முடிந்ததும், ஆண்டுக்கு ஒருமுறை, அதே பாதையில் அதே 100 அடியை நடந்து எண்ணிப் பார்க்கவேண்டும்.