உஷார்! காரியம் முடிந்த கையோடு பத்திரம் வரும்

கணவர் இறந்து பதினாறு நாள்கூட ஆகியிருக்காது. "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். போடாதீர்கள்! அது விடுதலைப் பத்திரமாக இருந்தால், உங்கள் பங்கை நீங்களே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இறந்தவருக்கு எச்.ஐ.வி., மனைவிக்கும் தொற்று என்று தெரிந்துவிட்ட வீட்டில் இந்த அவசரம் இரட்டிப்பாகும். முதலில் தட்டும் டம்ளரும் தனியாகும். அடுத்து பாய் திண்ணைக்குப் போகும். அப்புறம், "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துட்டு வாயேன்." நம்பிப் போனால், திரும்பி வரும்போது பூட்டு மாறியிருக்கும்.

பல வீடுகளில் கர்ப்பகாலப் பரிசோதனையில் பெண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. அதனாலேயே பழியும் அவள் தலையில்தான். நாமக்கல் பக்கத்து கௌசல்யா என்ற பெண்ணுக்குக் கல்யாணத்தோடு வந்த தொற்று அது. அவர் முகத்தை மறைக்காமல் வெளியே வந்து, 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். இன்று எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. தனித் தட்டும் இருக்கிறது!

அந்தச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. தொற்றுள்ளவரைக் குடும்பம் வாழும் வீட்டிலிருந்தோ, அதன் எந்தப் பகுதியிலிருந்தோ ஒதுக்கக் கூடாது என்கிறது 29ஆவது பிரிவு. ஆக, திண்ணைக்குத் துரத்துவதும் தப்புதான். நோயைக் காட்டி வாரிசுரிமையை மறுக்க முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்போதே சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் கணவர் விட்டுப்போன சொந்தச் சொத்தில் மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லாருக்கும் சம பங்கு. அதிகம் சத்தம் போடும் மாமனாருக்கு அதில் பங்கே கிடையாது.

இன்னொரு உஷார். கலெக்டர் ஆபீசுக்குத் திங்கள்கிழமை மனுவோடு போகிறீர்களா? மனு எழுதித் தருபவரிடம் நாலு பேர் காதுபட நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தத் தாள் பல மேசை, பல கை மாறும். 'வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள், சொத்தில் பங்கு தர மறுக்கிறார்கள்' என்று எழுதினாலே போதும். கோர்ட் உத்தரவு இல்லாமல், உங்கள் தொற்றை வெளியே சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் பெயரை மறைத்து வழக்கு நடத்தும்படி கேட்கலாம்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது.

இந்தக் களேபரத்தில் எச்.ஐ.வி. மாத்திரையை விட்டுவிடாதீர்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று லேபிளைக் கிழித்து, அரிசி டப்பாவுக்குள் ஒளித்து, கடைசியில் போடாமலே விடுவது நடக்கிறது. அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். ஒழுங்காகப் போட்டுவந்தால் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளை ஆளாக்கலாம்.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்துக்கு 1097. சட்ட உதவிக்கு 15100. பத்திரத்தில் கை வைக்கும் முன் 15100க்கு ஒரு போன் போடுங்கள்.