பருத்தி வேரின் பகையும் பூஞ்சைத் துணையும்

நீரும் உரமும் குறைவின்றி இட்டும் பருத்திச் செடி சில வயல்களில் திட்டுத் திட்டாகக் குன்றி நிற்பதுண்டு. உச்சிவெயிலில் அதன் இலைகள் வாடித் தொங்கும். அத்தகைய செடியொன்றை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பார்த்தல் வேண்டும். வேரில் சிறு முடிச்சுகள் தென்படுமாயின் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலையெனக் கொள்ளலாம்.

கண்ணுக்குப் புலப்படாத இப்புழு வேரினுள் புகுந்து சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. பெண் புழு ஒன்று பசை போன்ற உறையில் சில நூறு முட்டைகளை இடும். வெப்பமான பருவத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தோன்றிவிடும். புழு தாக்கிய செடியில் வாடல் நோயும் கடுமையாகிறது. அமெரிக்க அறிஞர் அட்கின்சன் 1892-ஆம் ஆண்டிலேயே பருத்தியில் இதனை எடுத்துக்காட்டினார்.

இப்புழுவின் முட்டைகளை உண்டு வளரும் பூஞ்சை ஒன்று உண்டு. பெரு நாட்டில் இது புழு முட்டைகளின்மீது வளர்ந்திருந்த செய்தி 1979-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என வழங்கிய இதற்கு 2011-ஆம் ஆண்டில் பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் எனப் பெயர் மாறியது. உறையில் எப்பெயர் இருப்பினும் பொருள் ஒன்றே.

இப்பூஞ்சை முட்டைகளை அழிக்குமேயன்றி, முன்பே கெட்ட வேரைச் சீராக்காது. ஆகவே விதைப்பிற்கு முன்னரே இடுதல் அவசியம். பொதுவாகச் சிபாரிசு செய்யப்படும் அளவு எக்டருக்கு 2.5 கிலோ, எனினும் உறையில் அச்சிட்ட அளவையே பின்பற்றுக. நன்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சுமார் 15 நாட்கள் வைத்திருந்து, மாலை வேளையில் ஈரமண்ணில் இடுக. பூஞ்சைக்கொல்லி மருந்துகளுடன் கலத்தல் கூடாது. தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கண்ணிற் படாமல் காத்துக்கொள்க. பருத்திக்குப் பின் தக்காளி, கத்தரி, வெண்டை பயிரிட்டால் புழு பெருகும். செண்டுமல்லி பயிரிட்டால் குறையும்.

இனி, நம் சங்கங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இப்பூஞ்சை உயிருள்ள பொருள். தகரக் கூரையின் வெப்பத்தில் அடுக்கிவைத்தால் அது மடிந்துபோகும். மடிந்த தூளும் உயிருள்ள தூளும் பார்வைக்கு ஒன்றே. வேற்றுமை பருத்தி எடுக்கும்போதுதான் தெரியும். அப்பொழுது அங்கத்தினர் ஒரு பருவ உழைப்பை இழந்திருப்பார். சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கையும் குன்றும். எனவே அங்கத்தினர்களின் தேவையை முன்கூட்டியே எழுதி வாங்கி, தேவையான அளவு மட்டும் தருவித்தல் நலம். இருப்புப் புத்தகத்தில் தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் குறித்தல் வேண்டும். காலங்கடந்த உறையைச் சங்கம் விற்கக்கூடாது, அங்கத்தினரும் வாங்கக்கூடாது.

முதலாண்டில் வயலின் ஒரு பாத்தியைப் பூஞ்சையிடாமல் விட்டு, இரண்டின் மகசூலையும் எடைபோட்டு ஒப்பிடுக. அக்கணக்கைச் சங்கக் கூட்டத்தில் தெரிவித்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு தருவிப்பது என்பதை யாவரும் கூடித் தீர்மானிக்கலாம்.