கவ்வாத்தும் கணினியும்

மலைநாட்டுக்கு முதன்முறை செல்வோர், தேயிலை கவ்வாத்துச் செய்யப்பட்ட மலையொன்றைக் காணின் அத்தோட்டம் அழிந்துவிட்டதென்றே எண்ணுவர். நேற்று வரை பச்சைப் பசேலென்றிருந்த சாரல் முழுவதும் இலையின்றிக் குச்சியாய் நிற்கும். ஆயின் தோட்டத்தில் வாழ்வோர் அதுகண்டு வருந்தார். வெட்டப்பட்டது மேற்பகுதியேயன்றி வேரன்று என்பதும், சில மாதங்களிற் புதுத் தளிர் தோன்றும் என்பதும் அவர் அறிந்தவையே. அன்றியும், வெட்டுமுன் வேரின் ஒரு துண்டை எடுத்து அயடீன் கரைசல் இட்டுப் பார்க்கும் முறையும் தேயிலைச் செய்கையில் உண்டு. மாச்சத்து நிறைந்த வேர் கருநீல நிறங்கொள்ளும். அச்சத்தில்லாத செடியை வெட்டின் அது மீளத் தளிர்க்காது பட்டுப்போதலும் கூடும். ஆதலின் வேரைச் சோதித்த பின்னரே கத்தி எடுத்தல் முறையாகும்.

இயங்க மறுத்த மடிக்கணினியிற் பணிசெயல் முறைமையை மீள நிறுவுதலும் இத்தகையதொரு செயலே. பணிசெயல் முறைமை என்பது வெட்டினும் மீளத் தளிர்ப்பது. எத்தனை முறையும் அதனைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். கணினியை உடையவர் அதில் எழுதி வைத்த கோப்புகளோ ஒருமுறை அழியின் மீளா. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாது, கணினி தொடங்கவில்லை என்றவுடன் ‘போர்மற் செய்து தாருங்கள்’ என்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே பலரது வழக்கமாக உளது. அதனால் நேரும் இழப்பு சிறிதன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி திரைவழியே நிகழலாயிற்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே அலைபேசிக்கு அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர் ஏறிச்சென்ற காட்சியை யாவரும் அறிவர். அடுத்த ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய வருவாயிற் சேமித்தோ, உறவினர் உதவியாலோ வாங்கப்படும் பழைய மடிக்கணினி ஒன்று, ஒரு வீட்டில் மூவர் நால்வருக்குப் பொதுவாகின்றது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் ஈராண்டுக் குறிப்புகளும், அவளுடைய தம்பியின் செயற்றிட்டமும், இறந்துபோன பாட்டியின் ஒரே ஒளிப்படமும் அதனுள்ளேயே இருத்தல் கூடும். அக்கணினி ஒரு காலையில் திறக்க மறுப்பின், கெட்டது எது, எஞ்சியது எது என்று ஆராயாமல் அழித்துவிடுதல் தகுமா?

கணினி இவ்வாறு முடங்குவதற்கு மலைநாட்டிற் சிறப்பான காரணங்கள் சில உள. இந்நாட்டு நீர்மின்சாரத்தின் பிறப்பிடமே இம்மலைகள்தாம். இங்குள்ள ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறுதல் இயலும் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். கெஹெல்கமு ஓயாவின் நீரால் இயங்கும் பழைய லக்சபான மின்னிலையம் 1950ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிற்று. எனினும் லயன்களுக்குச் செல்லும் மின்கம்பிகள் மரங்களினூடே செல்வன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கிளை முறிந்து வீழ்ந்தால் மின்சாரம் திடீரென நிற்கும். பருவங்களுக்கு இடைப்பட்ட ஏப்பிரல், ஒற்றோபர் மாதங்களில் இடிமின்னல் மிகும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடெங்கும் மின்வெட்டு நிகழ்ந்தமையும் நினைவிற்குரியது. நல்ல மின்கலமுள்ள மடிக்கணினிக்கு இவற்றால் ஊறில்லை. ஆனால் மின்கலம் தளர்ந்த பழைய கணினி, மின்சாரம் நின்ற கணத்திலேயே அணைந்துவிடும். அக்கணத்தில் வன்தட்டில் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருப்பின், அப்பதிவு பாதியில் அறுந்து, கோப்புகளின் ஒழுங்கு குலையும். மறுநாட் காலை கணினி திறவாமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி, கணினி எவ்வாறு விழிக்கின்றது என்பதை நோக்குவோம். மின்சாரம் பாய்ந்தவுடன் அதன் தற்காலிக நினைவகம் வெறுமையாகவே இருக்கும். செய்யவேண்டுவது இன்னதென்று கூறும் கட்டளை எதுவும் அங்கில்லை. ஆதலின் தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றிற் பதிந்திருக்கும் நிலைபொருள் முதலிற் செயற்படும். முன்னாளில் அது பயோஸ் எனப்பட்டது. இக்காலக் கணினிகளில் யூ.ஈ.எப்.ஐ. எனப்படுகின்றது. அது நினைவகம், விசைப்பலகை, தட்டு ஆகியவற்றைச் சோதித்து, பின்னர் தொடக்கத்துக்குரிய தட்டு எதுவெனத் தேடும். தட்டின் ஒரு சிறு பிரிவில் இருக்கும் தொடக்கி நிரலை அது அழைக்கும். அந்நிரல் பணிசெயல் முறைமையின் கருவை நினைவகத்துள் ஏற்றும். கரு ஏனையவற்றை எழுப்பும். இறுதியிலேயே கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றும். ஒருவர் மற்றவரை எழுப்ப, அவர் இன்னொருவரை எழுப்புவது போன்ற தொடர் இது. இத்தொடர் எவ்விடத்தில் அறுந்தது என்று காண்பதே முதற்கடமை.

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாவிடின், குற்றம் மின்னேற்றியிலோ மின்கலத்திலோ தாய்ப்பலகையிலோ உளது. பணிசெயல் முறைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மின்னேற்றியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீளப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். விளக்கு எரிந்தும் திரை இருண்டே இருப்பின், நினைவகப் பலகையின் தொடர்போ திரையோ பழுதாதல் கூடும். குளிரில் இருந்த கணினியை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தவுடன் இயக்குதலுந் தகாது. உள்ளே நீர்த்துளி படிந்திருக்கலாம், ஆதலின் சில மணி நேரம் காயவிடல் நன்று. உற்பத்தியாளரின் சின்னம் தோன்றிய பின் ‘தொடக்கத்தக்க தட்டு இல்லை’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அறிவிப்பு வரின், தட்டுப் பழுது என்று உடனே முடிவு செய்தல் ஆகாது. பழைய கணினிகளில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துபோயின் திகதி மாறுவதோடு, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்ற அமைப்பும் மறந்துபோதல் கூடும். நிலைபொருளின் அமைப்புத் திரைக்குட் சென்று, தட்டின் பெயர் அங்கே தெரிகின்றதா என்று நோக்கின் உண்மை விளங்கும்.

சின்னமும் தோன்றி, வின்டோசின் சுழல்வட்டமும் தோன்றி, பின்னர் நீலத் திரையிலோ மீள்தொடக்கத்திலோ முடியுமாயின், அப்போதுதான் பணிசெயல் முறைமை கெட்டது எனலாம். அந்நிலையிலும் மீள நிறுவுதல் முதல் மருந்தன்று. தொடக்கம் அடுத்தடுத்துச் சில முறை தவறின் வின்டோஸ் தானாகவே ஒரு மீட்புத் திரையைக் காட்டும். தொடக்கத்தைத் திருத்துதல், அண்மையில் ஏற்ற இற்றைப்படுத்தலை நீக்குதல், முன்னைய நிலைக்கு மீளுதல் என்பன அங்கே உள. இவையும் பயன்படாவிடின், சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு முறைமையை மட்டும் புதுப்பிக்கும் வழியும் அங்குண்டு. அதிற் கோப்புகள் எஞ்சினும், நிறுவிய ஏனைய மென்பொருள்கள் நீங்கிவிடும்.

இவை யாவும் பயனற்றவிடத்தே முழு மறுநிறுவல் வேண்டப்படும். அதன் முன் செய்யவேண்டுவது வேர்ச் சோதனை, அஃதாவது தட்டின் நலத்தை அறிதல். சுழலும் வன்தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலிப்பின் அதனை மேலும் இயக்குதல் ஆகாது. ஒவ்வொரு சுழற்சியும் இழப்பை மிகுவிக்கும். பல கணினிகளின் நிலைபொருளிலேயே தட்டுச் சோதனை ஒன்று அமைந்துளது. தட்டே பழுதெனின், அதில் எதனை நிறுவினும் சில நாளில் மீளக் கெடும். தட்டை மாற்றுதலே வழியாம்.

அடுத்தது கோப்புகளை மீட்டல். இங்குப் பெருந்துணை செய்வது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவின்மேல் எழுந்த முறைமைகள் இன்று பல. உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலியன யாவருக்கும் இலவசமாகக் கிடைப்பன. இவற்றைப் பென்டிரைவ் ஒன்றிற் பதித்து, தட்டிலே எதனையும் மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். வின்டோஸ் உறங்கினும் அதன் தட்டிலுள்ள கோப்புறைகள் அப்போது கண்முன் தோன்றும்; அவற்றை வேறொரு தட்டுக்குப் படியெடுத்துவிடலாம். தட்டு பிற்லொக்கர் என்னும் பூட்டால் மறைக்கப்பட்டிருப்பின் மட்டும் 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோல் வேண்டும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொவ்ற் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். அத்திறவுகோல் இன்றி அழித்தபின் எவராலும் மீட்டல் இயலாது.

இவ்விடத்தில் இலங்கைத் தமிழர் தவறாது நினைவிற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. இங்குள்ள வினாத்தாள்களும் கட்டுரைகளும் பல, ஒருங்குறியில் அன்றிப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. புதிய முறைமையில் அவ்வெழுத்துரு இராது. அதனால் அக்கோப்புகளைத் திறந்தவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். கோப்பு அழிந்ததென்று எண்ணி அதனை நீக்கிவிட்ட ஆசிரியரும் உளர். எழுத்துருவை மீள ஏற்றின் தமிழ் மீளத் தோன்றும். ஆதலின் கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுத்தல் இன்றியமையாதது.

இனி நிறுவும் முறை. இயங்கும் வேறொரு கணினியில் 8 ஜிகாபைற்றுப் பென்டிரைவ் ஒன்றைச் செருகி, மைக்ரோசொவ்ற் நிறுவனம் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு நிறுவல் ஊடகத்தை ஆக்குதல் வேண்டும். பென்டிரைவில் முன்னிருந்தவை யாவும் அப்போது அழியும். பதிவிறக்கம் பல ஜிகாபைற்று அளவினது. அலைபேசித் தரவுப் பொதியை நம்பியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இது பெருஞ்செலவு. ஆதலின் ஒருமுறை ஆக்கியதைப் பலர் பகிர்ந்து வைத்திருத்தல் நன்று. திருட்டுப் பிரதியை நாடவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. வின்டோஸ் 8 முதலாக, கணினியோடு விற்கப்பட்ட உரிமத்தின் திறவுகோல் நிலைபொருளிலேயே பதிக்கப்படுவதாயிற்று. மீள நிறுவிய முறைமை அதனைத் தானே கண்டுகொள்ளும்.

பின்னர் முடங்கிய கணினியிற் பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தியவுடன் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் முதலிய விசைகளுள் அக்கணினிக்குரியதைத் தட்டின், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தோன்றும். நிறுவல் தொடங்கியபின் தட்டின் பிரிவுகள் காட்டப்படும். பென்டிரைவும் அங்கே ஒரு தட்டாகவே தோன்றுமாதலின், அளவை நோக்கி உரியதைத் தெரிதல் வேண்டும். பழைய பிரிவை அழிக்காது அதன்மேலேயே நிறுவின், முன்னைய கோப்புகள் தனிக் கோப்புறை ஒன்றில் ஒதுக்கப்படும்; எனினும் படியெடுக்காமல் இதனை மட்டும் நம்புதல் அறிவுடைமையன்று. நிறுவல் முடியுமட்டும் மின்சாரம் அறாதிருத்தல் வேண்டும். மழைக்கால மாலையைவிடத் தெளிந்த காலைப்பொழுதே இதற்கு ஏற்றது.

பழைய கணினிக்கு எம்முறைமை தக்கது என்பதும் சிந்திக்கத்தக்கது. வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒற்றோபர் 14ஆம் திகதியுடன் நிறைவுற்றது. வின்டோஸ் 11 நிறுவுதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 4 ஜிகாபைற்று நினைவகமும், ஒப்புக்கொள்ளப்பட்ட புதிய செயலியும் வேண்டும். இவையில்லாத கணினிகளே தோட்டத்து வீடுகளிற் பல. அவற்றைக் குப்பையென ஒதுக்கவேண்டியதில்லை. எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவின், கட்டுரை எழுதவும், பாடக் காணொளி காணவும், ஒருங்குறித் தமிழில் தட்டச்சிடவும் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

நிறுவிய பின்னர் வன்பொருள் இயக்கிகளையும் இற்றைப்படுத்தல்களையும் ஏற்றி, தமிழ் விசைப்பலகையை அமைத்து, மீட்ட கோப்புகளைத் திரும்ப வைத்தலோடு பணி நிறைவுறும். ஆயின் மீட்டெடுத்த படியை அழித்துவிடலாகாது; அடுத்த மின்வெட்டு வரும் நாளை எவரும் அறியார்.

மேற்கூறியவற்றுள் எதுவும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. பணிசெயல் முறைமையின் இயல்பை அவர் பாடநூலிலேயே கற்கின்றார். பாடசாலைக் கணினிக் கூடந்தோறும் நிறுவல் பென்டிரைவ் ஒன்றும், லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றும், கோப்புகளைப் படியெடுக்கத்தக்க வெளித்தட்டு ஒன்றும் இருக்குமாயின், சுற்றுப்புறத் தோட்டங்களின் கணினிகள் பல அழிவினின்று தப்பும். கவ்வாத்துக் கத்தியைக் கையிலெடுக்குமுன் வேரைப் பார்க்கவேண்டும் என்று கற்றவர் அத்தோட்டங்களிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அப்பழக்கத்தை அவர்தம் பிள்ளைகள் கணினிக்கும் கொண்டுவருதல் அரிதன்று.